முதல் என்டியூரோ பந்தயம்: பிரேக்கை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது

நேற்று இரவு என் முதல் மலைச் சைக்கிள் என்டியூரோ பந்தயத்தின் முடிவுப் பட்டியல் வந்தது. நேரம் கணக்கிடப்படும் இறக்கங்களான ஐந்து ஸ்டேஜ்களுக்கும் சேர்த்து 31 நிமிடம் 15 விநாடி. நாற்பது வயதைக் கடந்த பெண்கள் பிரிவில் பதினொரு பேரில் ஒன்பதாவது இடம். முழுதாக முடித்துவிட்டேன் என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. மூன்றாவது ஸ்டேஜுக்கு எதிரே 11 நிமிடம் 8 விநாடி என்று இருந்தது. மற்ற ஸ்டேஜ்களில் என்னோடு ஒட்டி ஒட்டி வந்தவர்கள் அதை ஏழரை நிமிடத்தில் இறங்கியிருக்கிறார்கள். அந்த மூன்றரை நிமிடம் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது உங்களுக்கும் போகக் கூடாது என்பதற்காகவே சூடு ஆறும் முன் எழுதுகிறேன்.

என்டியூரோ தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இறங்கும் ஸ்டேஜ்களுக்கு மட்டும் கடிகாரம் ஓடும், இடையிலுள்ள ஏற்றங்களுக்கு ஓடாது; ஆனால் அடுத்த ஸ்டேஜின் உச்சிக்கு ஒரு கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டும்.

நான் ஓடியது ஸ்காட்லாந்தின் ட்வீட் பள்ளத்தாக்கில், இன்னர்லைத்தன் ஊருக்கு மேலே. எடின்பரோவில் குடியிருக்கும் எனக்கு ஒரு மணி நேரப் பயணம். 2014இல் என்டியூரோ உலகத் தொடர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது. 2023 சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப்பின் மலைச் சைக்கிள் கிராஸ் கன்ட்ரி போட்டிகள் பக்கத்திலிருக்கும் கிளென்ட்ரெஸ் காட்டில் நடந்தன. என்னுடையது உள்ளூர்க் கிளப் ஒன்று நடத்திய சிறிய பந்தயம்தான்: சனிக்கிழமை பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை பந்தயம், 32 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,300 மீட்டர் ஏற்றம். ஆனால் மலை அதே மலை. கோல்ஃப் மைதானத்துக்குப் பின்னால் இருப்பதால் எல்லோரும் அதை 'கோல்ஃபி' என்கிறார்கள். பகலிலும் இருட்டாக இருக்கும் ஸ்ப்ரூஸ் காடு. அந்த மரங்களின் வேர் ஆழமாக இறங்காது. மண்ணுக்கு மேலேயே விரல் விரித்தாற்போல் பரவிக் கிடக்கும். மழை பட்டால் வேரின் மேல் சோப்புத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். சனிக்கிழமை இரவு மழை பெய்தது.

என் தவறு வெள்ளிக்கிழமை மாலையே தொடங்கிவிட்டது. பிரேக் பேட்கள் தேய்ந்திருந்தன. ஒரு கடையில் கொடுத்துப் புதிய பேட் போட்டு வாங்கினேன். "தயார், ஓட்டலாம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். புதிய பேட் உடனே பிடிக்காது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு உரசி உரசிப் படிய வேண்டும். சமதளத்தில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவையாவது. இது எனக்கு அன்று தெரியாது. சனிக்கிழமை முதல் இறக்கத்தில் பிரேக் மந்தமாக இருந்தது. பயந்துபோய் இன்னும் அழுத்திப் பிடித்தேன். பிடித்த பிடியை விடவே இல்லை. பிற்பகலுக்குள் பேட்கள் படிந்து நன்றாகப் பிடிக்கத் தொடங்கிவிட்டன, ஆனால் என் விரல்களுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

போதாக்குறைக்கு, பயிற்சி நாளில் ஐந்து ஸ்டேஜ்களையும் ஓட்டிவிட்டு முதல் இரண்டை மீண்டும் ஓட்டினேன். தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்திருந்து படிக்கும் பிள்ளையின் மனநிலை. அன்று மாலை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை. அதை அசதி என்று நினைத்துவிட்டேன். அது ஓர் எச்சரிக்கை.

ஞாயிறு காலை முதல் இரண்டு ஸ்டேஜும் குறுகியவை: 4 நிமிடம் 52 விநாடி, 3 நிமிடம் 40 விநாடி. சமாளித்தேன். மூன்றாவது நீளமானது, செங்குத்தும் அதில்தான் அதிகம். பாதி தூரம் வருவதற்குள் முன்கை இரண்டும் கல்லாகிவிட்டன. தசையை விடாமல் இறுக்கி வைத்திருந்தால் அதற்குள் ரத்தம் சரியாக ஓடாது. தசை வீங்கும், விரல் மரத்துப்போகும். விரல் பிரேக் லிவரின் மேல் இருக்கிறது, ஆனால் அழுத்துகிறதா விடுகிறதா என்று தெரியவில்லை. ஒரு வேர்க் கூட்டத்தின் மேல் முன் பிரேக் இறுகிய நிலையில் போனேன். சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியது. விழுந்தேன். அடி பெரிதில்லை. எழுந்து, தடத்தைவிட்டு விலகி, தட எல்லையைக் காட்டும் டேப் ஓரமாக நின்று கைகளை உதறினேன். இரண்டு பேர் பின்னாலிருந்து "ரைடர்!" என்று கத்திக்கொண்டு கடந்து போனார்கள். மீண்டும் ஏறி, இருபது மீட்டருக்குள் மீண்டும் நின்றேன். மீதித் தூரத்தில் நடந்த இடங்களும் உண்டு.

கீழே உணவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு தம்பி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கிளாஸ்கோவில் வேலை, நான்கு வருடமாகப் பந்தயம் ஓடுகிறவர். என் கையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, எத்தனை இடத்தில் பிரேக் பிடித்தீர்கள்?"

"மேலே பிடித்தேன் தம்பி. கீழே வந்துதான் விட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து ஆலன் கீயை எடுத்து என் ஹேண்டில்பாருக்கு முன்னால் குந்தினார். எங்கள் விதிப்புத்தகத்தின்படி வெளியாள் உதவக் கூடாது, சக போட்டியாளர் உதவலாம். உங்கள் பந்தயத்தில் விதி என்ன என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். என் லிவர்கள் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தன. அவற்றைக் கொஞ்சம் மேலே தூக்கினார். செங்குத்தான இறக்கத்தில் லிவர் கவிழ்ந்திருந்தால் உள்ளங்கை ஹேண்டில்பார் பிடியைத் தாண்டி முன்னால் உருளப் பார்க்கும். அதைத் தடுக்கவே பாதி பலம் போய்விடும். பிறகு லிவரை உள்பக்கம் நகர்த்தி, ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும் அதன் நுனிக் கொக்கியில் உட்காரும்படி வைத்தார். லிவருக்கும் பிடிக்கும் இடையிலிருந்த தூரத்தையும் குறைத்தார், என் விரல்கள் குட்டை என்பதால். எல்லாம் நான்கு நிமிடம். ஒன்றரை வருடமாகத் தவறான அமைப்பில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். "தடம் முழுவதையும் நினைவில் வைக்காதீர்கள், அக்கா. அடுத்த ஸ்டேஜில் பிரேக் பிடிக்கப் போகும் இடங்களை மட்டும் எண்ணுங்கள். அங்கே பலமாகப் பிடியுங்கள். மற்ற இடத்தில் விரல் லிவரைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும்."

நான்காவது ஸ்டேஜின் உச்சிக்கு ஏறும்போது எண்ணிப் பார்த்தேன். முந்தின நாள் பயந்து நின்ற இடங்கள்தான் முதலில் நினைவுக்கு வந்தன. பயந்து நின்றது வளைவின் வாயிலோ வேர்க் கூட்டத்தின் விளிம்பிலோ. அங்கே பிரேக் பிடித்துப் பயனில்லை. அதற்குப் பத்தடி மேலே, சைக்கிள் நேராக இருக்கும்போது, டயருக்குக் கீழே வெறும் மண் இருக்கும்போது பிடிக்க வேண்டும். டயருக்கு இருப்பது ஒரே பிடிமானம். அதை வேகம் குறைப்பதற்குச் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. ஈர வேரின் மேல் அந்தப் பிடிமானமே சொற்பம். அங்கே பிரேக்கை விட்டுவிட்டால் சக்கரம் உருண்டு போய்விடும், பிடித்தால் வழுக்கும். இதைப் பல தடவை கேட்டிருந்தேன். விழுந்த பிறகுதான் உடம்புக்கு ஏறியது.

ஆறு இடங்கள். சிவப்பு டேப் கட்டிய அடிமரம், வெளிச்சம் விழும் திட்டு, பெரிய கல்லுக்கு முன்னால், இரட்டை வளைவின் மேல்புறம், வடிகாலுக்கு முன், கடைசிச் சரிவின் தலை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். 5 நிமிடம் 15 விநாடி. அந்த ஸ்டேஜில் என் பிரிவில் ஐந்தாவது இடம். அதே உடம்பு, காலையைவிடக் களைத்த கால், இன்னும் ஈரமான மண். மாறியது விரல் மட்டும்தான். ஐந்தாவது ஸ்டேஜில் ஒன்பது இடங்களை எண்ணினேன். இரண்டு மறந்துபோயின, ஆனாலும் 6 நிமிடம் 20 விநாடியில் விழாமல் வந்தேன்.

இனி, பயிற்சி நாளுக்கு:

ஒவ்வொரு ஸ்டேஜும் ஒரே ஒரு தடவை. ஆசை வந்தாலும் இரண்டாவது தடவை வேண்டாம்.
கடினமான இடத்தில் நில்லுங்கள், சைக்கிளை டேப்புக்கு வெளியே சாய்த்துவிட்டு மேலே நடந்து போய்ப் பாருங்கள். நிற்கும்போது தடத்தில் நிற்கக் கூடாது.
கூட்டத்தோடு போகாதீர்கள். மற்றவர்களின் வேகத்தில் போனால் மற்றவர்களின் பிரேக் இடங்கள்தான் நினைவில் நிற்கும்.
மாலையில் ஸ்டேஜுக்கு ஒரு வரி வீதம் எழுதி, பட்டையான வெள்ளை டேப்பில் ஒட்டி, சைக்கிளின் மேல் குழாயில் வையுங்கள். சொற்கள் சுருக்கமாக இருக்கட்டும்: கல், அடிமரம், வடிகால்.

நண்பர்கள் பலர் ஹெல்மெட் கேமரா வீடியோக்களைப் பார்த்துத் தயாராகச் சொல்கிறார்கள். எனக்கு அது உதவவில்லை. வீடியோவில் சரிவு தெரியாது; எல்லாத் தடமும் சமதளம் போலத்தான் தோன்றும். நான் எண்ணிக்கையை நம்பும் ஆள், பயந்த சுபாவமும் கூட. துணிந்து இறங்கி வழியில் கற்றுக்கொள்ளும் ஆட்களுக்கு இந்த முறை எரிச்சலூட்டலாம்.

ஏற்றங்களைப் பற்றிச் சுருக்கமாக. கெடுவுக்கு அஞ்சி முதல் ஏற்றத்தில் மூச்சிரைக்க மிதித்தேன். உச்சியில் பதினெட்டு நிமிடம் காத்திருந்தேன். வீண். எங்கள் பந்தயத்தில் கெடு தாராளமாக இருந்தது. தள்ளிக்கொண்டு நடப்பதில் குறைவு எதுவும் இல்லை; பாதிப் பேர் தள்ளினார்கள். காகில் என்னும் பாதுகாப்புக் கண்ணாடியை ஏற்றத்தில் கண்ணில் போடாதீர்கள், வியர்வையில் மூடுபனி படிந்துவிடும். உச்சியில் காற்று நின்றுவிட்டால் மிட்ஜ் என்னும் பொடிப் பூச்சிகள் மொய்க்கும்; முழுக்கைச் சட்டை கைகொடுத்தது. தொடங்குமிடத்தில் முப்பது விநாடிக்கு ஒருவராக அனுப்பினார்கள். பின்னால் நிற்பவர் உங்களைவிட வேகமானவர் என்று தோன்றினால் அவரை முன்னே போகச் சொல்லுங்கள். காட்டுக்குள் வழிவிடுவதைவிட அது எளிது, மனதுக்கும் அமைதி.

ஸ்டேஜின் முடிவில், நேரத்தைப் பதியும் சிப்பைப் பெட்டியில் செருகி ஒலி கேட்கும்வரை எடுக்காதீர்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஒலிக்கு முன்பே எடுத்துவிட்டுப் போகப் பார்த்தார். தன்னார்வலர் ஓடிவந்து நிறுத்தினார்.

பையில் இருந்தவை: டியூப் ஒன்று, டயர் ஓட்டை அடைக்கும் பிளக், கைப்பம்ப், சங்கிலி இணைப்பு, கியரைத் தாங்கும் ஹேங்கர் உதிரி ஒன்று, ஆலன் கீ, உலர்ந்த கையுறை ஒரு ஜோடி, பேரீச்சம்பழம். இவற்றில் பயன்பட்டவை கையுறையும் பேரீச்சம்பழமும். ஆனாலும் அடுத்த முறையும் எல்லாவற்றையும் கொண்டுபோவேன். டயர் அழுத்தம் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ. என் எடை 62 கிலோ. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், சொந்த எடைக்கும் டயருக்கும் ஏற்பப் பாருங்கள்.

புதிதாக வாங்குவதற்குப் பணம் இருந்தால் எதில் போடுவது? சஸ்பென்ஷன் வேண்டாம், எடை குறைந்த சக்கரமும் வேண்டாம். நல்ல முன் டயர், பெரிய பிரேக் டிஸ்க், நல்ல கையுறை. என்னுடையது 180 மில்லிமீட்டர் டிஸ்க். 200க்கு மாற்றப் போகிறேன். பெரிய டிஸ்க்கில் அதே அளவு பிடிக்க விரல் குறைவாக அழுத்தினால் போதும், நீண்ட இறக்கத்தில் சூடும் அவ்வளவு ஏறாது.

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று. வீட்டுக்கு அருகில் ஏதாவது ஓர் இறக்கம், சின்னதாக இருந்தாலும் போதும். மூன்று இடங்களில் கூழாங்கல் வையுங்கள். அந்த மூன்றில் மட்டும் பிரேக். முதல் நாள் வேகம் பயமுறுத்தும். மேலேயிருந்தே மெதுவாகத் தொடங்குங்கள், ஆனால் கல் இல்லாத இடத்தில் விரலை அழுத்தாதீர்கள். நான் இன்று மாலையே எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பூங்காவில் தொடங்கிவிட்டேன், உடம்பு வலியோடுதான்.

சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஓடலாமா என்று இரண்டு தோழிகள் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக ஓடலாம். வெள்ளிக்கிழமை காலையிலேயே எடுத்துவிடுங்கள். பேட் புதியதா, படிந்ததா என்று கேளுங்கள். லிவரை உங்கள் விரலுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றியதும் கடை வாசலிலேயே ஒற்றை விரலால் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை பிடியிலிருந்து அசையாமல் விரல் நுனிக் கொக்கிக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மீண்டும் மாற்றச் சொல்லுங்கள்.