மேகம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது

மேகம் ஏன் கீழே விழுவதில்லை என்று பிள்ளைகள் கேட்டால், "அது ஆவி, லேசானது, அதனால் மிதக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். இதில் இரண்டு பிழைகள். மேகம் ஆவி அல்ல. அது மிதக்கவும் இல்லை.

நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது அதன் மூக்கை ஒட்டிக் கொஞ்ச தூரம் வெறுமையாகத் தெரியும். ஆவி இருப்பது அங்கேதான். அதைத் தாண்டி வெள்ளையாகக் கிளம்புவது ஆவி குளிர்ந்து திரண்ட நீர்த்துளிகள். மேகமும் அந்த வெள்ளைதான், அதாவது தண்ணீர்.

எவ்வளவு தண்ணீர்? நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள பஞ்சு மேகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் என்று வைத்தாலும் மொத்தம் 500 டன். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அதே இடத்தில் இருக்கும் காற்றின் எடை சுமார் 10 லட்சம் டன். இரண்டாயிரம் பங்கு காற்றுக்கு ஒரு பங்கு தண்ணீர்.

அந்தத் தண்ணீரும் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். பக்கத்துத் துளி இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். இவ்வளவு சிறிய துளி அசையாத காற்றில் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒன்றரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். பஞ்சு மேகத்துக்குள் மேலேறும் காற்றோ நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் போகிறது. துளி காற்றுக்குள் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தக் காற்று அதைவிட நூறு மடங்கு வேகமாக மேலே போகிறது. மேகத்தின் ஓரத்திலோ அடியிலோ தப்பி வறண்ட காற்றில் இறங்கிய துளியும் தரையைத் தொடுவதில்லை. சில சென்டிமீட்டருக்குள் மறுபடி ஆவியாகிவிடும்.

காற்று ஏன் மேலே போகிறது? வெயிலில் காய்ந்த நிலம் தன்னைத் தொடும் காற்றைச் சுடவைக்கிறது. சூடான காற்று லேசாகிக் கிளம்புகிறது. மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் அது விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி. மேலே குளிராக இருப்பதால்தான் அது குளிர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விரிவுதான் காரணம்.

எந்த உயரத்தில் மேகம் பிடிக்கும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். வானிலைச் செயலியில் வெப்பநிலையோடு பனிப்புள்ளியையும் பாருங்கள். காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் ஈரம் திரளத் தொடங்குமோ, அதுதான் பனிப்புள்ளி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிப்பகுதி எத்தனை மீட்டரில் இருக்கும் என்று தெரியும். திருச்சியில் ஒரு பிற்பகல் 36 டிகிரி, பனிப்புள்ளி 22 என்றால் 14 × 125 = 1750 மீட்டர். அன்று வானத்தில் உள்ள பஞ்சு மேகங்களின் அடியெல்லாம் கத்தியால் சீவியதுபோல் ஒரே மட்டத்தில் நிற்பதும் இதனால்தான்.

இந்தக் கணக்கு தப்பும் இடங்களும் உண்டு. தரைச் சூட்டில் எழும்பும் மேகத்துக்கு மட்டுமே இது பொருந்தும். மிக உயரத்தில் இழைபோல் தெரியும் பனிமேகத்துக்கும், மப்பும் மந்தாரமுமாக வானம் முழுக்க மூடிய நாளுக்கும் ஒத்துவராது. கடல்காற்று புகுந்த பிறகு கரையோர அளவை வைத்து உள்நாட்டு மேகத்தைக் கணக்கிட்டாலும் தவறும். அந்த மேகத்துக்குப் போகும் காற்றே வேறு.

ஈரம் திரண்ட பிறகு நடப்பதுதான் மிக அழகானது. ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் ஆவி திரண்டால், வெளிப்படும் வெப்பம் அந்தக் காற்றைச் சுமார் இரண்டரை டிகிரி சுடவைக்கும். ஆகவே மேகத்துக்குள் ஏறும் காற்று மெதுவாகத்தான் குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவே இருந்து இன்னும் ஏறுகிறது. மேகத்தின் தலை காலிஃபிளவர்போல் கொப்பளித்து வளர்வது இந்த வெப்பத்தால்தான். இடிமேகத்துக்குள் மேலேற்றம் நொடிக்கு 20, 30 மீட்டர்வரைகூடப் போகும்.

குளிர்ச்சியோடு தூசியும் வேண்டும். கடல் உப்பு, புகை, மண் தூள் எதையாவது பற்றிக்கொண்டுதான் ஆவி துளியாகிறது. இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரை விட்டுக் குலுக்குங்கள். ஊதுபத்திப் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு மூடியை இறுக்குங்கள். பாட்டிலை அழுத்திப் பத்து நொடி பிடித்துச் சட்டென விடுங்கள்: உள்ளே மேகம். மறுபடி அழுத்தினால் மறையும். மறையவில்லை என்றால் நீங்கள் பார்ப்பது மேகமல்ல, புகை. அடுத்த முறை குறைத்து விடுங்கள். கொதிநீர் ஊற்றினால் பாட்டில் நெளியும், சுவரும் வேர்த்து ஒன்றும் தெரியாது. பின்னால் கறுப்புத் துணி, பக்கவாட்டில் டார்ச் வைத்தால் நன்றாகத் தெரியும்.

நிலம் சுடாத நாளிலும் மலை இந்த வேலையைச் செய்யும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையில் 28 டிகிரியோடும் 24 டிகிரி பனிப்புள்ளியோடும் வந்தால் மேக அடி 500 மீட்டர்தான். நீலகிரியின் மேற்குச் சரிவு 2000 மீட்டருக்கு மேல் போகிறது. காற்றுக்கு ஏறுவதைத் தவிர வழியில்லை. காலையிலிருந்து முகட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த மேகத்துக்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. மேற்கே புதிய துளிகள் பிறக்கின்றன. கிழக்கே இறங்கும்போது காற்று அழுந்திச் சூடாகி, துளிகள் கரைகின்றன. நிற்பதுபோல் தெரிவது மேகத்தின் உருவம் மட்டுமே. உள்ளே இருக்கும் தண்ணீர் நிமிடத்துக்கு நிமிடம் வேறு.

மழையாக வேண்டுமானால் இந்தத் துளிகளில் சுமார் பத்து லட்சம் ஒன்றுசேர வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் வேகமாக விழும். சாதாரண மேலேற்றத்தால் அதைத் தாங்க முடியாது. பெரும்பாலான பஞ்சு மேகங்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. சாயங்காலம் நிலம் ஆறியதும் கீழிருந்து வரும் காற்று நின்றுவிடும். பிறகு அவை ஓரத்திலிருந்து கரைந்து, இருட்டுவதற்குள் காணாமல் போகும்.