ஜெட்டா வழியா மாயவரம் வந்த பட்ஜி

மலர் கமிட்டில காலேஜ் நினைவு எழுதுங்கன்னு கேட்டாங்க. கடைமுழுக்கு கூட்டம், காளியாகுடி அல்வா, ஸ்ட்ரைக்கு, இதெல்லாம் எப்படியும் பத்து பேரு எழுதிடுவீங்க, அதனால நான் பட்ஜிங்கற ராக் பேண்டு பத்தி எழுதறேன். பட்ஜின்னா யாருன்னு 84-87 பேட்ச்ல மாடி ரூம்ல கெடந்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நம்ம செட்ல ஒரு நீடூர்க்காரன் இருந்தான். அவங்க அத்தா ஜெட்டாவுல வேலை. லீவுக்கு வர்றப்ப கோடாலி தைலம், டேங் பவுடர், கைலியோட ஒரு பை நெறைய கேசட்டும் வரும், மேல ப்ளேன் படம் போட்டு 747ன்னு இருக்கும். எல்லாம் திருட்டு கேசட்தான், காப்பிரைட்னு அப்போ அங்க யாரும் கேக்க மாட்டாங்க போல, எவன் பாட்டை வேணா எவன் வேணா போட்டு விக்கலாம். அத்தாவுக்கு இங்கிலீஷ் பாட்டுன்னா என்னன்னே தெரியாது, மகன் கேட்டான்னு கடைக்காரன் அள்ளிக் குடுத்ததை அப்படியே வாங்கிட்டு வந்துடுவாரு.

விசேஷமே அதுலதான். உலகப் புகழ் பேண்டு லெட் செப்பலினுக்கும் அதே ப்ளேன் படம், பட்ஜிக்கும் அதே ப்ளேன் படம். எது கோடிக்கணக்குல வித்தது, எது குப்பைக்குப் போனதுன்னு சொல்ல எங்ககிட்ட பத்திரிகையும் கெடையாது, ஹிட் லிஸ்ட் சார்ட்டும் கெடையாது. காதுல விழுந்ததை வச்சு நாங்களா ஒரு வரிசை போட்டுக்கிட்டோம்: ப்ளாக் சப்பாத், டீப் பர்ப்பிள், செப்பலின், பட்ஜி. நாலும் சமம். பட்ஜி ஃப்ளாப்புன்னு எங்ககிட்ட யாரும் சொல்லல.

பட்ஜிக்கு கார்டிஃப் ஊரு, வேல்ஸ். 1967ல ஆரம்பிச்சது, மூணே பேரு. பேஸ் கிடார் வாசிச்சுக்கிட்டே பாடுற பர்க் ஷெல்லி பெரிய கண்ணாடி போட்டுக்கிட்டு பார்க்க கணக்கு வாத்தியார் கணக்கா இருப்பாரு, குரலு மட்டும் உச்சத்துல போயி நிக்கும். 1971ல வந்த முதல் ஆல்பத்துக்கு ப்ரொட்யூசர் ராட்ஜர் பெய்ன், சப்பாத்தோட முதல் மூணு ஆல்பத்தையும் பண்ண அதே ஆளு. அப்புறம் ஏன் பெருசா வரலன்னா, எனக்குத் தோணுறது, பாட்டுக்கு வச்ச கோமாளித்தனமான தலைப்பு ஒரு காரணம், பட்ஜின்னா ஒரு சின்னக் கிளி, பேண்டுக்கே கிளிப் பேரு வச்சா எவன் பயப்படுவான். 1987லயும் 88லயும் மெட்டாலிகாங்கற பெரிய பேண்டு வருஷத்துக்கு ஒண்ணா இவங்க பாட்டை எடுத்து வாசிச்சதுக்கு அப்புறம்தான் பாதி உலகத்துக்கு பேரே தெரிஞ்சுது. நீடூருக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்.

இன்னொரு பேண்டு கேப்டன் பியாண்ட், முதல் ஆல்பம் 1972. டீப் பர்ப்பிளோட முதல் மூணு ஆல்பத்துல பாடின ராட் எவன்ஸ், அயர்ன் பட்டர்ஃப்ளை பேண்டுலேர்ந்து ரெண்டு பேரு, கிடாரிஸ்ட் ஜானி விண்டர்கிட்ட இருந்த ட்ரம்மர் பாபி கால்ட்வெல். முதல் சைடுல மூணு பாட்டு கேப்பே விடாம ஒட்டிக்கிட்டு ஓடும். வலங்கைமான் பக்கத்துப் பையன் ஒருத்தன் நம்ம ரூம்ல இருந்தான், தவில் குடும்பம், இங்கிலீஷ் பாட்டு போட்டாலே துண்டை எடுத்துக்கிட்டு குளிக்கப் போயிடுவான். அன்னிக்கு வாசப்படியிலயே நின்னுட்டான். ட்ரங்குப் பெட்டியில விரலால தட்டிப் பார்த்து, "டேய் இவன் அஞ்சஞ்சா போறான்டா, கண்டம்டா இது, எந்த ஊருக்காரன் இவன்?"னு கேட்டான். அதுக்கு மேல எந்த விமர்சகர் என்ன சொல்லணும்? ஆனா கேப்டன் பியாண்ட் மாட்டினது கேப்ரிகார்ன் கம்பெனியில, ஆல்மன் பிரதர்ஸ் மாதிரி அமெரிக்கத் தெற்குப் பக்கத்து ராக் விக்கிற கம்பெனி அது, இந்த மாதிரி சரக்கை எங்க கொண்டு போயி விக்கிறதுன்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்காது, இது என் ஊகம்தான். எவன்ஸ் கதை அதைவிட பாவம். 1980ல வேற ஆளுங்களை வச்சு டீப் பர்ப்பிள்னு பேரைப் போட்டு அமெரிக்காவுல கச்சேரி பண்ணப் போக, ஒரிஜினல் ஆளுங்க கேஸ் போட்டு 672,000 டாலர் நஷ்ட ஈடுன்னு தீர்ப்பாயிடுச்சு. அப்புறம் மனுஷன் மேடைப் பக்கமே வரல.

டஸ்ட்னு ஒரு நியூயார்க் பேண்டு, ரெண்டே ஆல்பம். அதுல ட்ரம் வாசிச்ச பையன்தான் பின்னாடி ரமோன்ஸ்ங்கற பங்க் பேண்டுல மார்க்கி ரமோன் ஆனான், அவனாச்சும் பொழைச்சான்.

அவ்வளவு தூரம் எதுக்கு, கொச்சியில 13 ஏடின்னு ஒரு பேண்டு 1977லேர்ந்து ஹோட்டல்ல வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு, பிற்பாடு சொந்தப் பாட்டா ஆல்பமும் போட்டாங்க. மாயவரத்துலேர்ந்து ராத்திரி கெளம்பினா மறுநாள் போயி கேட்டிருக்கலாம். ஜெட்டாவுலேர்ந்து கேசட் வந்துச்சே தவிர பக்கத்து ஸ்டேட்லேர்ந்து ஒண்ணும் வரல.

இப்போ சிங்கப்பூர்ல ட்ரெயின்ல போறப்ப போன்ல எல்லாமே கெடைக்குது, கூடவே எத்தனை பேரு கேட்டாங்கன்னு நம்பரும் போட்டுடறான். என் மகன் அந்த நம்பரைப் பார்த்துட்டுத்தான் பாட்டையே தொடுறான், எனக்கு பத்திக்கிட்டு வருது.

ஷெல்லி 2022 ஜனவரியில போயிட்டாரு. அன்னிக்கு நீடூர்க்காரனுக்கு மெசேஜ் போட்டேன், "நம்ம ஆளா?"ன்னு மட்டும் திருப்பிப் போட்டான்.

கடைசியா ஒரு விஷயம். சர் லார்ட் பால்டிமோர், புரூக்ளின் பேண்டு, 1970ல வந்த முதல் ஆல்பம், ட்ரம்மரே பாடுவாரு, 1971லயே இவங்க ஆல்பத்துக்கு ஹெவி மெட்டல்ங்கற வார்த்தையைப் போட்டு பத்திரிகையில எழுதினாங்க. அந்த கேசட்டை ஃபைனல் இயர் ஸ்டடி லீவுல ஒருத்தன் வாங்கிட்டுப் போனான். பேரு போட மாட்டேன், பேராளம், பி.காம். தம்பி, நீ இப்போ இங்க ஜூரோங்ல இருக்கேன்னு கேள்விப்பட்டேன், வர்ற கெட்-டுகெதருக்கு கேசட்டோட வா, ப்ளேயர் நான் கொண்டு வர்றேன்.