88-க்கும் 92-க்கும் நடுவில்

மார்ச் 23, 2025, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. போப் பிரான்சிஸ் இன்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பிவிட்டார். பிப்ரவரி 14 அன்று சேர்ந்தவர், 38 நாள். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவருக்கும் ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டாள். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. ஆனாலும் ஒரு மாதமாக அம்மாவின் ஜெப நோட்டில் அவர் பெயர் இருக்கிறது, தம்பி பெயருக்கு இரண்டு வரி கீழே.

மார்ச் 25

88.

மார்ச் 26

நேற்று அந்த எண்ணுக்கு மேல் எழுத வரவில்லை. திரையில் அதைப் பார்த்ததும் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தேன். டாக்டர் பிறகு உட்கார்ந்து விளக்கினார். அம்மாவைப் போலப் பல வருடமாக மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்கு ஆக்சிஜன் அளவு 88-க்கும் 92-க்கும் நடுவில் இருந்தால் போதுமாம். அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு உள்ளே தங்கிவிடும். குறைந்தால்தான் ஆபத்து என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ராத்திரி சங்கீதம் 88-ஐ எடுத்தேன். அந்த எண்ணுக்காகத்தான் எடுத்தேன். புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் ஒரு "ஆனாலும்" வரும், குரல் திரும்பும். இதில் திரும்பவில்லை. எபிரெயத்தில் கடைசிச் சொல்லே "இருள்". நம் பழைய மொழிபெயர்ப்பில் "மறைந்துபோனார்கள்" என்று நிற்கிறது. அவ்வளவுதான், அடுத்து 89 தொடங்கிவிடுகிறது. தலைப்பில் கோராகின் புத்திரரின் பாட்டு என்று போட்டிருக்கிறது, எருசலேம் ஆலயத்தில் பாடின குடும்பத்தார். அப்படியென்றால் இதைப் பலர் சேர்ந்து நின்று பாடியிருப்பார்கள். அதை நினைத்தபடியே படுத்தேன். கொஞ்சம் தூங்கினேன்.

மார்ச் 27

"அவன் கூப்பிட்டானா?" தம்பியைத்தான் கேட்கிறாள் அம்மா. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை.

மார்ச் 29, சனி

எழுதாமல் படுக்க முடியாது.

ஜெபக்குழுவிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், எங்களுக்கு எத்தனையோ உதவி செய்தவர். கட்டிலருகே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், "அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா, யோசித்துப் பாருங்கள்" என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபிக்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார். எனக்குத் தெரியும், தம்பியிடம் அன்று சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் போயிருக்கிறாள். அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்தேன், கை நடுங்கியது.

அதற்கு முந்தின நாள்தான் மியான்மரில் நிலநடுக்கம், 7.7. மண்டலே, சகாயிங் பக்கம் ஊர் ஊராக விழுந்திருக்கிறது. ரமலானின் கடைசி வெள்ளி, மத்தியானத் தொழுகை நேரம். மசூதிகள் தொழுதுகொண்டிருந்தவர்கள் மேலேயே இடிந்தன. புத்த மடங்களும் விழுந்தன. அங்கே போய் யாரிடம் கேட்பார் இந்தக் கேள்வியை? குனிந்து நெற்றியைத் தரையில் வைத்திருந்தவரிடமா?

லூக்கா 13-ஐ மூன்று முறை வாசித்தேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தி. எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். அந்த "இல்லை"யை அந்த மனிதர் வாசித்ததில்லையா! ஆனால் நேர்மையாக எழுத வேண்டும்: அந்த வசனம் அதோடு முடியவில்லை. நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே என்று போகிறது. செத்தவர்களைப் பற்றிய கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறார். ராத்திரி முழுவதும் அந்த மனிதர் மேல் கோபத்தோடு இருந்த நானும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறேன். தம்பியோடு நானும்தான் பேசவில்லை, மூன்று வருடமாக.

ஏப்ரல் 3

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆக்சிஜன் மெஷினும் கூடவே. ராத்திரி அது ஓடும் சத்தம்தான் வீட்டில். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா எழுத முடியாததால் நோட்டை என்னிடம் கொடுத்திருக்கிறாள். ஜெபம் கேட்கப்பட்டால் பக்கத்தில் டிக் போடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வேலை, டிக். சித்தியின் அறுவை சிகிச்சை, டிக். உக்ரைன், சூடான், காசா எதற்கும் டிக் இல்லை. தம்பிக்கும் இல்லை. வருடம் மாறும்போதெல்லாம் டிக் இல்லாத பெயர்களைப் புது நோட்டுக்கு மாற்றி எழுதியிருக்கிறாள். ஒன்றைக்கூட விடவில்லை.

காசா என்ற பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக "போன்" என்று இருந்தது. என்ன என்று கேட்டேன். அங்கே திருக்குடும்ப ஆலயத்தில் சுமார் 500 பேர் தஞ்சம் புகுந்திருக்கிறார்கள், 2023 அக்டோபர் 9 முதல் போப் சாயங்காலத்தில் அவர்களுக்கு போன் செய்கிறார், ஆஸ்பத்திரியில் இருந்துகூடப் பேசினார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாராம். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. "போரை நிறுத்த முடியலை. ஆனா தினமும் கூப்பிடுறார் பாரு" என்றாள். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

ஏப்ரல் 11

84. திரும்பவும் ஆம்புலன்ஸ். இப்போது ஐசியூ.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஐசியூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. போனில் செய்திகளைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

உக்ரைனில் சுமி நகரத்தில் காலையில் ஏவுகணைகள். 30 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள், பண்டிகைக்காக வெளியே வந்த சனம். இந்த வருடம் கிழக்குச் சபைகளுக்கும் நமக்கும் ஒரே நாளில் குருத்தோலை ஞாயிறு. ஒரே நாளில் ஓசன்னா பாடினோம் என்று சந்தோஷப்பட வேண்டிய நாள்.

காசாவில் அல் அஹ்லி மருத்துவமனையும் விடியுமுன் தாக்கப்பட்டது. நடத்துவது எருசலேமின் ஆங்கிலிக்கன் சபை. எல்லாரையும் வெளியேற்ற 20 நிமிடம் கொடுத்தார்களாம். அந்த அவசரத்தில், தலையில் காயம்பட்டிருந்த ஒரு குழந்தை இறந்துவிட்டது.

இருபது நிமிடம். கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன். முகமூடி, சொட்டு மருந்துக் குழாய், சிறுநீர்ப் பை, சிலிண்டர். லிப்ட் ஒன்றுதான், அதுவும் வர நேரமாகும். பக்கத்துக் கட்டில் தாத்தா வென்டிலேட்டரில் இருக்கிறார். எனக்கு முடியாது. இருபது நிமிடத்தில் என்னால் முடியாது ஆண்டவரே.

மாற்கு 9-இல் நோயுற்ற பிள்ளையை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் கத்தினதை மட்டும்தான் இன்று ஜெபமாகச் சொல்ல முடிந்தது: விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவனை அவர் திருப்பி அனுப்பவில்லை.

ஏப்ரல் 15

சூடானில் சண்டை தொடங்கி இன்றோடு இரண்டு வருடம். ஐசியூ வாசலில் இருந்த டிவியில் அதைப் பற்றி ஒன்றும் வரவில்லை. நோட்டில் இருக்கிறது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

தம்பிக்கு மெசேஜ் அனுப்பினேன். நான்கு முறை அடித்து அழித்து, கடைசியில் "அம்மா ஐசியூவில். உன்னைக் கேட்கிறாள்" என்று மட்டும். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி. மூன்று மணிக்கு ஐசியூவுக்குள் விட்டார்கள், பத்து நிமிடம். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஜெபம் வரவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனையின் மணிச் சத்தம் இங்கே கேட்கவில்லை. ஐசியூவில் எந்த நேரமும் ஒரே வெளிச்சம். நர்ஸ் தங்கை வந்து, "உயிர்த்தெழுந்தார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு ஊசி போட்டாள். முகமூடிக்குள் அம்மாவின் உதடு "மெய்யாகவே" என்று அசைந்ததைப் பார்த்தேன். 91.

உக்ரைனில் பண்டிகைக்காக 30 மணி நேரப் போர் நிறுத்தம் என்று ரஷ்யா அறிவித்திருந்தது. மீறினார்கள் என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். முப்பது மணி நேரம். அதையாவது முழுசாகக் கொடுக்கக்கூடாதா?

போப் மாடத்தில் வந்து நின்றார். ஒரு வரி வாழ்த்து, அவ்வளவுக்கே குரல் இழுத்தது. செய்தியை வேறொருவர் வாசித்தார். அம்மாவுக்கு போட்டோவைக் காட்டினேன்.

ஏப்ரல் 21

போப் பிரான்சிஸ் காலமானார். வயது 88.

ஏப்ரல் 22

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமைகூடக் காசாவுக்கு போன் செய்து பேசியிருக்கிறார். அந்த ஆலயத்தில் இப்போது சாயங்காலம் ஆனால் போன் எந்தப் பக்கம் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அதைப் பார்ப்பார்களா, பார்க்காமல் இருப்பார்களா.

நோட்டில் அவர் பெயருக்கு நேரே டிக் போடுவதா என்று தெரியவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அடித்துவிட மனசு வரவில்லை. "காசா – போன்" என்பதைத் தனி வரியாகத் திரும்ப எழுதினேன்.

ஏப்ரல் 23

சாயங்காலம் ஏழு மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 24

இன்றும் கூப்பிட்டேன். எடுத்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, பின்னால் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. அப்புறம், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

நாளைக் காலை ஆக்சிஜனைக் குறைத்துப் பார்க்கப் போகிறார்களாம். ஆறு மணிக்கெல்லாம் வரச் சொன்னார்கள்.