நோன்பு விடுமுறையில் ஸ்டார் வார்ஸ்: எதற்குப் பின் எது?

பிள்ளையார் நோன்பும் அரைப்பரீட்சை லீவும் ஒட்டி வருகிற வருடங்களில் செட்டிநாட்டுப் பெரிய வீடு நிறைந்துவிடும். பகலெல்லாம் பலகாரம், பேச்சு. இரவானால் ஏதாவது ஒரு நீளமான பட வரிசையை முழுதாகப் பார்த்துவிடும் யோசனை வரும். அது ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் விண்வெளிக் கதை என்றால் முதல் படத்தைப் போடும் முன்பே விவாதம் ஆரம்பித்துவிடும். பெயரில் உள்ள எண்படி 1, 2, 3 என்று போவதா, வெளிவந்த வருடப்படி 1977 படத்திலிருந்து போவதா?

இரண்டும் வேண்டாம். 4, 5, பிறகு 1, 2, 3, கடைசியில் 6. கூட்டத்தில் இந்தக் கதையே தெரியாத ஒருவர் இருந்தாலும் இதுதான் சரியான வரிசை. அவரும் இந்தப் பதிவைப் படிக்கலாம். கதையின் பெரிய ரகசியத்தை இங்கே எங்கும் உடைக்கவில்லை.

இந்த எண்கள் பின்னால் வந்தவை. 1977-ல் வெளியானபோது அந்தப் படத்துக்கு எண் கிடையாது. 1981-ல் மறுபடி திரையிட்டபோதுதான் 'எபிசோட் 4, எ நியூ ஹோப்' என்ற தலைப்பு ஏறியது. 5 வந்தது 1980-ல், 6 வந்தது 1983-ல். 1, 2, 3 ஆகியவை 1999, 2002, 2005-ல் எடுக்கப்பட்டவை. அதாவது எபிசோட் 1, பழைய மூன்றையும் பார்த்தவர்களை மனதில் வைத்து எடுத்த படம். ஒளிவாள் ஏந்தும் ஜெடை வீரர்கள் யார், அவர்களுக்கு வலிமை தரும் ஃபோர்ஸ் என்ற சக்தி என்ன என்று அது நிதானமாக அறிமுகம் செய்வதில்லை. வரிவிதிப்பு, வணிக முற்றுகை, செனட் விவாதம் என்று தொடங்கும். புதிதாகப் பார்ப்பவர் முதல் அரைமணியிலேயே போனை எடுத்துவிடுவார். 1977 படத்திலோ நாயகன் லூக்குக்கே எதுவும் தெரியாது. அவனுக்குச் சொல்லப்படுவதெல்லாம் நமக்கும் சேர்த்துச் சொல்லப்படுகிறது.

எண் வரிசையில் போனால் வரும் பெரிய நஷ்டம் எபிசோட் 5-ல் இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியில் வெளிப்படும் உண்மைக்காகத்தான் அந்தப் படமே கட்டப்பட்டிருக்கிறது. 1, 2, 3 பார்த்துவிட்டு வருபவருக்கு அது பழைய செய்தி. அதே படத்தில் தகோபா கிரகத்தின் சதுப்பில் லூக் சந்திக்கும் சின்ன உருவம் யார் என்பதும் ஒரு திருப்பம்தான். முன்பே தெரிந்தால் அந்தக் காட்சிகளில் பாதி வீண். தொழில்நுட்பமும் இடிக்கும். 2005 படத்தின் வேகமான வாள்சண்டையைப் பார்த்த கண்ணுக்கு, அடுத்ததாக 1977 படத்தின் சண்டை மிக மெதுவாகத் தெரியும். பிள்ளைகள் அங்கேதான் கழன்றுகொள்வார்கள்.

அப்படியானால் வெளிவந்த வரிசையிலேயே பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். பழைய திரையரங்குப் பிரதி கையில் இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் இன்று செயலியிலும் ப்ளூ-ரேயிலும் கிடைப்பது அந்தப் பிரதி இல்லை. 1997 ஸ்பெஷல் எடிஷனிலும், 2004 டிவிடி வெளியீட்டிலும், அதற்குப் பிறகும் பழைய மூன்று படங்களிலும் கை வைத்திருக்கிறார்கள். எபிசோட் 6-ன் முடிவில் செபாஸ்டியன் ஷா என்ற நடிகர் தோன்றிய இடத்தில் 2004 முதல் ஹேடன் கிறிஸ்டென்சன் நிற்கிறார். அவர் 2, 3 படங்களின் நடிகர். அந்தப் படங்களைப் பார்க்காமல் 6-க்குப் போனால், மொத்தக் கதையின் உச்சமான காட்சியில் முன்பின் தெரியாத ஒரு முகம் வந்து நிற்கும். 'இது யாரு?' என்று அப்பத்தா கேட்பார். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் காட்சி போய்விடும். கடைசிக் கொண்டாட்டத்தில் நபூ கிரகத்தைச் சேர்த்ததும் 2004-ல்தான். அதுவும் எபிசோட் 1 பார்த்தவருக்கே புரியும். நம்மிடம் இருக்கும் பிரதியே 1, 2, 3-ஐ 6-க்கு முன்னால் கேட்கிறது.

5-ல் உண்மை உடைந்ததும் 'இது எப்படி நடந்தது?' என்ற கேள்வி எழும். 1, 2, 3 முழுக்க அதற்கான ஃப்ளாஷ்பேக். அது முடிந்து நிகழ்காலத்துக்குத் திரும்பி 6-ல் கதை தீரும். இடைவேளைக்குப் பின் ஃப்ளாஷ்பேக் என்ற அமைப்பு தமிழ்ப்பட ரசிகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு இழப்பும் உண்டு. 6-ல் லூக்குக்குத் தெரியவரும் இன்னொரு உண்மை நமக்கு 3-ன் கடைசி நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். இரண்டு ரகசியங்களில் சிறியதைக் கொடுத்துப் பெரியதைக் காப்பாற்றுகிறோம், அவ்வளவுதான்.

2011-ல் ராட் ஹில்டன் என்பவர் எழுதிப் பரவிய 'மச்செட்டி ஆர்டர்' என்ற பார்க்கும் வரிசையும் இதே வடிவம்தான். ஆனால் அவர் எபிசோட் 1-ஐ விட்டுவிடச் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1-ல் சிறுவன் தாயைப் பிரிவதைப் பார்த்தவருக்குத்தான் 2-ல் அவன் அவளைத் தேடிப் போகும் பகுதி உறைக்கும். சிறுபிள்ளைகளுக்குப் பிடித்த ரதப் பந்தயமும் 1-ல்தான் இருக்கிறது. நேரம் உண்மையிலேயே போதாதென்றால் மட்டும் அதை விடலாம். 3-ஐ எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது.

ஆறு படங்களுக்கும் சேர்த்து 13 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நான்கு நாள் இருந்தால் முதல் நாள் 4-ம் 5-ம், அடுத்த நாள் 1, மூன்றாம் நாள் 2, கடைசி நாள் 3-ம் 6-ம். 3-ன் துக்கம் ஆறுவதற்குள் 6-ஐப் பார்க்க வேண்டும். நடுவில் நாள் விடாதீர்கள். இடைவேளை நாமேதான் விட வேண்டும். 4-ல் நாயகர்களின் கப்பலான மில்லினியம் ஃபால்கன், டெத் ஸ்டார் என்ற ராட்சத போர் நிலையத்துக்குள் இழுக்கப்படும் இடத்தில் நிறுத்திப் பணியாரத் தட்டைச் சுற்றவிடலாம். 5-ல் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், கடைசி அரைமணியில் யாரும் எழுந்து போகக்கூடாது. ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் மஞ்சள் எழுத்தில் மூன்று பத்தி மேலேறும். பத்திக்கு ஒருமுறை நிறுத்தி ஒருவர் தமிழில் சொல்லிவிட்டால், ஆங்கிலம் படிக்காத பெரியவர்களும் கதைக்குள் வந்துவிடுவார்கள்.

புரொஜெக்டர் வைப்பவர்களுக்கு: செட்டிநாட்டுச் சுவர் வெள்ளையாக இருக்கிறதே என்று நேராக அதில் அடிக்காதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு மினுக்கும். நடுவில் ஒளி திரண்டு படம் வெளிறிப்போகும். இந்தப் படங்கள் எல்லாமே அகலத்திரை, உயரத்தைப் போல சுமார் 2.4 மடங்கு அகலம். எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டலாம், ஆனால் அதைக் குறுக்கே இரண்டாக மடித்தால் அகலம் பாதியாகிவிடும். அதனால் இரண்டு வேட்டிகளை ஒன்றின் பின்னால் ஒன்றாக ஒட்டி இழுத்துக் கட்டுங்கள், ஒளி பின்னால் ஊடுருவாது. வளவு, அதாவது வீட்டு நடுமுற்றம், வானத்துக்குத் திறந்திருப்பதால் இருட்டும் முன் அங்கே ஒன்றும் தெரியாது. பகலில் பார்ப்பதென்றால் உள்ளறைதான். விண்வெளிக் காட்சிகளில் பெரும்பகுதி கறுப்பு. கொஞ்சம் வெளிச்சம் கசிந்தாலும் கப்பல்கள் தெரியாது.

6 முடிந்தபின் 7, 8, 9-ஐ (2015, 2017, 2019) அதே வரிசையில் பார்க்கலாம். அதில் சிக்கல் இல்லை.

எண் இல்லாத தனிப்படங்களில்தான் கவனம் வேண்டும். 'ரோக் ஒன்' (2016) முடியும் இடத்தை ஒட்டித்தான் 4 தொடங்குகிறது, அதனால் அதை முதலில் போடத் தோன்றும். போடாதீர்கள். வில்லன் டார்த் வேடர் யார், டெத் ஸ்டார் என்ன செய்யும் என்று தெரிந்தவருக்காகவே அது எழுதப்பட்டது. 6-க்குப் பின் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டாம் முறை பார்க்கும்போது, ரோக் ஒன்னுக்கு முந்தைய கதையைச் சொல்லும் 'ஆண்டோர்' தொடரின் 24 எபிசோட்கள், பிறகு ரோக் ஒன், உடனே 4 என்று போனால் 1977 படம் முன்னைவிடக் கனமாகத் தெரியும். 'சோலோ' (2018) கடைசியில் தலைகாட்டும் ஒருவர் எபிசோட் 1-லேயே முடிந்துபோனவர் என்று படம் மட்டும் பார்ப்பவர் குழம்புவார். அதற்கான பதில் 'க்ளோன் வார்ஸ்' அனிமேஷன் தொடரின் நான்காம் சீசன் கடைசியில் இருக்கிறது. அந்தத் தொடரின் கதைக்காலம் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில்தான். ஆனால் 133 எபிசோட்களை ஃப்ளாஷ்பேக்கின் நடுவில் நுழைத்தால் 6 வரும்போது 5 மறந்துபோயிருக்கும். அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

'மாண்டலோரியன்' தொடரைப் பார்ப்பவர்கள் இரண்டாம் சீசன் முடிந்ததும் நேராக மூன்றுக்குப் போகக்கூடாது. நடுவில் 'புக் ஆஃப் போபா ஃபெட்' தொடரின் 5, 6, 7 எபிசோட்களையாவது பார்த்துவிட வேண்டும். மூன்றாம் சீசன் தொடங்கும்போது நிலைமை எப்படி மாறியது என்பதற்கான விடை அந்த மூன்றில்தான் இருக்கிறது.