இன்வாய்ஸ் சொல்லாத விலை

சரக்கு வந்து சேரவில்லை என்று நிரூபிப்பது ஒரு வேலை, அதனால் ஏற்பட்ட நஷ்டம் எவ்வளவு என்று நிரூபிப்பது முற்றிலும் வேறு வேலை என்பது, கப்பல் சரக்கு இழப்பீட்டுக் கோப்புகளைப் படிக்கும் பணிக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கோருபவர்களில் பலர் இன்வாய்ஸ் நகலை இணைத்துவிட்டு, தொகைதான் அதிலேயே இருக்கிறதே என்று இருந்துவிடுகிறார்கள்.

கடல்வழிச் சரக்குக்குக் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச விதிகளான ஹேக்-விஸ்பி விதிகள் கேட்பது அந்தத் தொகையை அல்ல. ஒப்பந்தப்படி சரக்கு இறக்கப்பட்ட, அல்லது இறக்கப்பட்டிருக்க வேண்டிய இடத்திலும் நேரத்திலும் அதன் மதிப்பு என்ன என்பதே அங்கு அளவுகோல்; அதைப் பண்டச் சந்தை (கமாடிட்டி எக்ஸ்சேஞ்ச்) விலையைக் கொண்டும், அது இல்லையெனில் நடப்புச் சந்தை விலையைக் கொண்டும், இரண்டும் இல்லாதபோது அதே வகையும் தரமும் கொண்ட பொருளின் வழக்கமான மதிப்பைக் கொண்டும் கணக்கிட வேண்டும். சரக்கு கடலில் இருந்த நாட்களில் சந்தை ஏறியிருந்தால் இன்வாய்ஸை மட்டும் நம்பியவருக்கு நஷ்டம். இறங்கியிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை விடமாட்டார். மறுவிற்பனைக்குப் பேசி முடித்த விலையைக் காட்டுவதும் பொதுவாக உதவாது. 1886-இல் ரோடோகனாக்கி எதிர் மில்பர்ன் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் சந்தை விலையையே பார்த்தது.

சரக்கு தொலையாமல் நனைந்து வந்திருந்தால், நல்ல நிலையில் வந்திருந்தால் கிடைத்திருக்கும் மதிப்பிலிருந்து நனைந்த நிலையில் உள்ள மதிப்பைக் கழிக்க வேண்டும். நனைத்தது கடல்நீரா மழைநீரா என்ற கேள்வியும் உடனே எழும். சேதத்தை ஆய்வு செய்யும் சர்வேயர் ஈரமான பெட்டி அட்டையில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுவிட்டுப் பார்ப்பார். உப்பு இருந்தால் வெண்மையாகத் திரியும். அந்தச் சோதனையை அன்றே செய்யாமல் அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு புகைப்படம் மட்டும் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இத்தனையும் நிரூபித்த பிறகும் உச்சவரம்பு ஒன்று குறுக்கே நிற்கிறது. பொருளின் தன்மையையும் மதிப்பையும் முன்கூட்டியே அறிவித்துப் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கைப் பெற்றதற்குக் கப்பல் தரப்பு தரும் ஆவணத்தில்) எழுதாவிட்டால், அந்த விதிகளைத் திருத்திய 1979 நெறிமுறையின்படி ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது இழந்த சரக்கின் மொத்த எடையில் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அதுவே எல்லை. தலா 25 கிலோ எடையுள்ள 400 பெட்டிகள் கன்டெய்னரோடு தொலைந்ததாக வைத்துக்கொள்வோம். பில்லில் 400 பெட்டிகள் என்று எண்ணிக் குறித்திருந்தால் வரம்பு 2,66,668 எஸ்.டி.ஆர். 'கன்டெய்னர் 1' என்று மட்டும் தட்டச்சு செய்திருந்தால் அது முழுவதும் ஒரே பொதி ஆகிவிடும்; அப்போது அதிகமாக வரும் எடைக் கணக்கில்கூட 20,000 எஸ்.டி.ஆர்.தான்.