ஐயா பாதியில் நிறுத்திய கதைகள்

தமிழய்யா காலமான செய்தி நம் பள்ளி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் எல்லோரும் அவருடைய செய்யுள் வகுப்பைப் பற்றித்தான் எழுதினார்கள். எனக்கு நினைவில் நிற்பது கடைசிப் பாடவேளை. நல்ல கட்டத்தில் கதையை நிறுத்துவார், புத்தகத்தை மூடுவார், "மீதியை நாளைக்கு நீங்க சொல்லுங்க" என்று கிளம்பிவிடுவார். நாம் விடுவோமா, வாசல்வரை பின்னாலேயே போய்க் கெஞ்சுவோம், மனிதர் அசையவே மாட்டார்.

மறுநாள் ஆளுக்கொரு முடிவோடு வருவோம். வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன், கிணற்றில் விழுந்தவனை மேலே தூக்காமல், கிணற்றுக்குள்ளேயே ஒரு ஊரை உண்டாக்கி அவனைக் குடிவைத்தான். ஐயா அதைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார். புத்தகத்தில் இருந்த முடிவை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

இன்று என் மகள் தொடர் பார்க்கிறாள். ஒரு எபிசோட் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே அடுத்தது தானாக ஆரம்பித்துவிடுகிறது. பார்ப்பதைக் குறை சொல்லவில்லை, கதை கேட்டுத்தானே நாமும் வளர்ந்தோம். ஆனால் 'அப்புறம் என்ன ஆகும்' என்று மனசு தவிக்கிற நேரம் இருக்கிறதே, கற்பனைக்கு வேலை வருவதே அப்போதுதான், அந்த நேரத்தைத்தான் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிட்டோம்.

கனடாவில் ஒரு சிற்றூருக்கு 1973-இல்தான் தொலைக்காட்சி வந்தது. அதற்கு முன்பும், வந்து இரண்டு ஆண்டு கழித்தும் ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். சாதாரணப் பொருள் ஒன்றை என்னென்ன விதமாகப் பயன்படுத்தலாம் என்பது போன்ற கேள்விகள். முதல்முறை, ஏற்கெனவே தொலைக்காட்சி இருந்த ஊர்ப் பிள்ளைகளைவிட இவர்கள் நிறையச் சொன்னார்கள். இரண்டாம் முறை அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. ஒரே ஒரு ஊரை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்டிவிட முடியாது, சரி. ஆனாலும் நான் அதை நம்புகிறேன், ஐயாவின் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யாரும் நம்புவார்கள்.

நாம் இப்போது ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். வேலை முடிந்து வந்தால் திரை, அப்புறம் தூக்கம். நான் சொன்ன முடிவு சரியில்லை என்று மல்லுக்கு நிற்க இங்கே எனக்கு ஒருவரும் இல்லாமல் போனார்கள். புறப்பட்டு வந்ததில் இழந்தது எதுவென்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அந்தத் தானாக ஓடும் வசதியை வீட்டில் நிறுத்திவிட்டேன். முதலில் மகள் சிணுங்கினாள். போன வாரம், தம்பிதான் திருடன் என்று அவள் அடித்துச் சொல்ல, கடிதத்தை எழுதியதே அக்காதான் என்று நான் மறுக்க, அடுத்த எபிசோடைப் போட இருவருக்குமே தோன்றவில்லை.