வெள்ளவத்தை அனெக்ஸும் வைஃபையும்

கொழும்பு வெள்ளவத்தையில் அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டி வாடகைக்கு விடும் தனிப் பகுதி) தேடும்போது வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் எல்லாம் விசாரித்துவிட்டு இன்டர்நெட்டைக் கடைசியாகத்தான் கேட்டேன். "வைஃபை இருக்கு தம்பி, எங்கட லைன்தான், பாஸ்வேர்ட் தாறன்" என்றார் கீழ்வீட்டு ஆன்ட்டி. தூத்துக்குடியில் இருந்தவரை இந்த வயர் சமாசாரத்தையெல்லாம் அண்ணன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான். ஊரை விட்டு வந்தால் இதையும் நாமேதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. இது பிடிபட்டாலே பாதித் தொல்லை தீர்ந்தது. உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே வீட்டுக்குள் ஓடுகிற ரேடியோ அலைதான் வைஃபை. ரவுட்டரிலிருந்து கம்பெனி வரை போகிற ஃபைபரோ 4ஜி சிக்னலோ வெளிவழி. போனில் வைஃபை கோடு முழுசாக இருந்தும் வீட்டில் யாருக்குமே வாட்ஸ்அப் போகவில்லையென்றால் பெரும்பாலும் கோளாறு வெளியே. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் கேபிளில் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம்; ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பலனில்லை, கஸ்டமர் கேருக்கு அடிக்க வேண்டியதுதான். ஆனால் கீழே ஆன்ட்டியின் டிவியில் சீரியல் தடங்கலில்லாமல் ஓட, மாடியில் எனக்கு மட்டும் இழுத்தால் அது வைஃபை. ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையில் பரப்பும் (இந்த 5க்கும் போனில் வரும் 5ஜிக்கும் சம்பந்தமே இல்லை). 5 வேகமானது, கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானாலும் மாடி ஏறி வரும். எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

பேக்கேஜில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தால் அது மெகாபிட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே நொடிக்கு 12.5 எம்பிக்கு (மெகாபைட்) மேல் இறங்காது.

அப்புறம் ஐபி முகவரி, அதாவது நெட்டில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண். வீட்டுக்குள் ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் தனி எண் கொடுக்கும், அனேகமாக 192.168 என்று ஆரம்பிக்கும். வெளியுலகுக்கோ வீடு முழுவதற்கும் ஒரே முகவரிதான். ஃபிளாட்டுக்கு வரும் தபாலை வாட்ச்சர் மாடி பார்த்துக் கொடுப்பதுபோல ரவுட்டர் பிரித்துக் கொடுக்கிறது, அதற்கு நாட் என்று பெயர். அந்த வெளிமுகவரி இலங்கையுடையது என்பதால்தான் யூடியூபில் நான் தமிழ்ப் பாட்டுப் போட்டாலும் நடுவே சிங்கள விளம்பரம் வருகிறது, சில இந்தியத் தளங்கள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. விபிஎன் (நம் டேட்டாவை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) போட்டால் எதிர்முனைக்கு விபிஎன் சர்வரின் முகவரிதான் தெரியும். சரி, அதற்காக இலவச விபிஎன்னோடு பேங்க் ஆப் பக்கம் போகாதீர்கள்.

எனக்குப் பொறுக்காதது பிங்தான். ஒரு சின்னத் தகவல் போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லிசெக்கண்ட் ஆகிறது என்ற கணக்கு அது. கொழும்பிலிருந்து தூத்துக்குடி நேர்கோட்டில் 300 கிலோமீட்டர்கூட இல்லை. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், அப்படிப் பார்த்தால் போய்வர 3 மில்லிசெக்கண்ட் போதும். இரண்டு ஊருக்கும் நடுவே பாரத் லங்கா என்ற கடலடிக் கேபிளே 2006இல் போட்டார்கள். ஆனாலும் டேட்டா வரைபடம் பார்த்துப் போவதில்லை, கம்பெனிகள் தங்களுக்குள் எங்கே இணைந்திருக்கின்றனவோ அந்த வழியாகத்தான் போகும்; பக்கத்து ஊருக்கு சிங்கப்பூர் சுற்றிக்கூடப் போகலாம். இதை அம்மாவிடம் வீடியோ காலில் விளக்கிக்கொண்டிருந்தேன், "அதுக்கு நீ கப்பல்லயே வந்து சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவளுக்கு என் முகம் உறைந்து நின்றதற்கு உண்மைக் காரணம் என் பக்கத்து அப்லோட், அதாவது இங்கிருந்து டேட்டா வெளியே போகும் வேகம். ஸ்பீட் டெஸ்ட் போடும்போது எல்லோரும் டவுன்லோடைத்தான் பார்க்கிறோம், வீடியோ காலுக்கு அப்லோடும் பிங்கும்தான் முக்கியம்.